திருக்கோணமலை யுத்தச் சவக்காலை: கடற்படைக்காரர் பெயர் தேடி வருவோருக்கு முழு வழிகாட்டி

"திருக்கோணமலையில் செத்தவராம், கல்லறையை ஒரு படம் எடுத்து அனுப்ப ஏலுமா?" லண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் உறவுக்காரர் மூலம் இப்படி ஒரு கேள்வி வரும். அடுத்த கிழமையே நிலாவெளி ரோட்டுக்கு ஓட்டோ பிடித்து, வெயிலில் இரண்டு மணித்தியாலம் வரிசை வரிசையாகத் தேடி, பெயர் இல்லையென்று திரும்புகிறவர்கள் பலர். இரண்டாம் உலகப் போரில் ஒரு கடற்படைக்காரர் எந்தக் கடலில் இறந்தார் என்பது ஒரு கேள்வி. அவர் பெயர் எந்த ஊர்க் கல்லில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் புறப்படுவதுதான் பிழை. பயண ஏற்பாட்டில் முக்கால்வாசி வேலையை வீட்டில் இருந்தே முடித்துவிட வேண்டும். பஸ், வெயில், பூ எல்லாம் மிச்சக் கால்வாசி.

முதல் வேலை: பெயர் இங்கேதானா என்று பார்ப்பது

உப்புவெளி தாண்டி உள்ள யுத்தச் சவக்காலையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 300க்குச் சற்று மேற்பட்டவர்களின் கல்லறைகள் உள்ளன. இங்கே இருப்பவர்கள் உடல் கிடைத்தவர்கள். ஆஸ்பத்திரியில் காயத்தாலோ நோயாலோ இறந்தவர்கள், விமான விபத்தில் போனவர்கள், துறைமுகத்தில் குண்டுபட்டவர்கள். கப்பலோடு கடலுக்குள் போனவர்களுக்கு இங்கே கல் கிடையாது.

கொமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையதளத்தில் இறந்தோரைத் தேடும் பகுதி இலவசம். குடும்பப் பெயர், முதலெழுத்து, இரண்டாம் உலகப் போர், கடற்படை என்று நிரப்புங்கள். பொதுவான பெயரென்றால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். அப்போது இறந்த திகதியையும் சேர்த்துச் சுருக்குங்கள். நாடு என்ற இடத்தில் இலங்கையை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். பெயர் வேறு நாட்டு நினைவுச்சுவரில் இருந்தால் அது உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். இந்த ஒரு பெட்டியை அவசரப்பட்டு நிரப்பி ஏமாந்தவர்கள் அநேகம்.

முடிவுப் பக்கத்தில் ஒரு சவக்காலையின் பெயர் இருந்தால் உடல் புதைக்கப்பட்டது என்று பொருள். நினைவுச்சின்னம் ஒன்றின் பெயர் இருந்தால் அவருக்குக் கல்லறை இல்லை, பெயர் மட்டும் சுவரிலோ பதிவேட்டிலோ இருக்கிறது. அந்தச் சுவர்கள் பெரும்பாலும் இலங்கையில் இல்லை.

பிரிட்டிஷ் அரச கடற்படை மாலுமிகளில் பெரும்பாலானோர் இங்கிலாந்தின் மூன்று துறைமுகப் பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்: போட்ஸ்மத், பிளிமத், சட்டம் (Chatham என்ற ஊர்). காணாமற்போனவரின் பெயர் அவருடைய பிரிவுத் துறைமுகத்தில் உள்ள கடற்படை நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்படும். அவுஸ்திரேலியக் கடற்படையில் கல்லறையில்லாதவர்களுக்குப் பிளிமத். கடற்படையின் விமானப் பிரிவினருக்கு லீ-ஒன்-சோலன்ட். வணிகக் கப்பல் ஆட்களுக்கு லண்டன் டவர் ஹில். இந்தியக் கடற்படையினரும் இந்தியக் கப்பலாட்களும் பம்பாய், சிட்டகாங் நினைவுப் பதிவேட்டில் வருவார்கள். தென்கிழக்காசியப் பகுதியில் காணாமற்போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சிச் சுவரில்.

எந்தச் சுவர் என்பதைச் சேவை இலக்கமே காட்டிக்கொடுக்கும். முன்னால் ஆங்கில எழுத்து டி இருந்தால் டெவன்போர்ட், அதாவது பிளிமத். பி என்றால் போட்ஸ்மத், சி என்றால் சட்டம். சாய்கோட்டுக்குப் பிறகு வரும் எழுத்து தொழிலைச் சொல்லும். ஜே வந்தால் கப்பற்தள மாலுமி அல்லது சமிக்ஞைக்காரர், கே வந்தால் கொதிகலன் அறையில் நின்றவர், எம் வந்தால் கைவினைஞர் முதலானோர், எல் வந்தால் அதிகாரிகளின் சமையற்காரர் அல்லது பரிமாறுபவர். பழைய கடிதத்திலோ பதக்கப் பெட்டியிலோ கிடைத்த இலக்கம் ஒன்று கையில் இருந்தால், பெயரை விட அது பலமான பிடி.

இன்னொரு பொறி கப்பற்பெயர். "ஹைஃப்ளையர்" என்ற கப்பலில் இறந்தார் என்று குடும்பம் சொல்லும். அந்தக் கப்பல் எங்கே மூழ்கியது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஹைஃப்ளையர் என்பது திருக்கோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வைத்த பெயர். கரையில் இருந்த தளங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டுவது அவர்கள் வழக்கம். சீனன்குடாக் கடற்படை விமானத்தளம் "பம்பாரா", கட்டுகுருந்தை "உகுஸ்ஸா", புத்தளம் "ராஜாலியா". கடைசிப் பெயரில் நம்முடைய இராஜாளியும் பறக்கிறது. கல்லில் பம்பாரா என்று இருந்தால் அந்த மனிதர் பெரும்பாலும் சீனன்குடாவில் தரையில் வேலை செய்தவர், அல்லது அங்கிருந்து பறந்தவர்.

1942 ஏப்ரல் 9: யார் எங்கே போனார்கள்

ஊரில் இந்தச் சவக்காலையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அந்த ஒரு நாளைச் சொல்வார்கள். ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து வந்த சுமார் 130 விமானங்கள் காலை ஏழரை மணியளவில் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. தாக்குதல் வருமென்று முன்கூட்டியே தெரிந்ததால், முதல் நாள் இரவே கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியேற்றியிருந்தார்கள். அப்படிப் போனவற்றில் ஒன்று ஹெர்மிஸ், தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்ட உலகின் முதற்கப்பல். அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. கரையோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்புக்கு நேரே கடலில் அதைப் பிடித்து மூழ்கடித்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயர், சிறு போர்க்கப்பல் ஹொலிஹொக், அத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் அதே நாளில் மூழ்கிப்போயின.

ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள். மருத்துவக் கப்பலான வீட்டா உயிர் தப்பிய ஏராளமானோரைக் கடலிலிருந்து எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனது. இந்த விபரம் தேடுவோருக்கு முக்கியம். ஹெர்மிஸ் ஆள் ஒருவர் பிறகு காயத்தால் இறந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது கொழும்புச் சவக்காலைகளை. கப்பலோடு போனவரென்றால் இங்கிலாந்துச் சுவர்களை. திருக்கோணமலையை அதற்குப் பிறகுதான்.

கற்களில் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். 1943, 1944, 1945 என்று நிறைய வரும். கிழக்குக் கப்பற்படை 1944இல் இங்கே திரும்பி வந்து நிலைகொண்டபோது துறைமுகம் நிறைந்திருந்தது. நீர்மூழ்கிகள் இங்கிருந்து மலாக்கா நீரிணைப் பக்கம் போய் வந்தன. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற நீர்மூழ்கி 1944 பெப்ரவரியில் இங்கிருந்து புறப்பட்டதுதான், திரும்பவில்லை. அதன் ஆட்களுக்கும் இங்கே கல் இல்லை.

எப்போது வருவது

மேயிலிருந்து செப்டெம்பர் வரை மழைத் தொல்லை குறைவு, வெயில் கடுமை. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் காலை பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் நிற்பது வயதானவர்களால் முடியாது. ஏழு, ஏழரைக்குப் போய் ஒன்பதரைக்குள் முடிப்பதே நல்லது. ஒக்டோபர் பிற்பகுதியில் வாடை தொடங்கிவிடும், நவம்பரும் டிசம்பரும் அடைமழை. கொமன்வெல்த் நாடுகளில் போர் நினைவுநாள் நவம்பர் 11 என்பதால் அந்தக் கிழமைக்குத் திட்டமிடுகிறவர்கள் குடையும் கூடுதலாக ஒரு நாளும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 9 அன்றே வர வேண்டும் என்பவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது: சித்திரைப் புத்தாண்டு. ஊருக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைக்காது. பதினொன்று, பன்னிரண்டாம் திகதி திரும்புகிற எண்ணம் இருந்தால் இருக்கையை வெகு முன்னரே பதிவு செய்யுங்கள், அல்லது புத்தாண்டு முடிந்து ஒரு கிழமை போனபின் வாருங்கள்.

வந்து சேர்தல்

இது சுலபம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக; மட்டக்களப்பிலிருந்து வாகரை, மூதூர், கிண்ணியா வழியாக; கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக பஸ், அல்லது கல்லோயாச் சந்தி வழியாக ரயில்.

நகரிலிருந்து சவக்காலை வடக்கே சுமார் 6 கிலோமீற்றர். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை போகிற எந்த பஸ்ஸும் வாசலைத் தாண்டித்தான் போகும். கொண்டக்டரிடம் உப்புவெளி கடந்தவுடன் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

இடத்தைச் சொல்லும் விதத்தில்தான் குழப்பம் வரும். "யுத்த நினைவிடம்" என்று ஓட்டோக்காரரிடம் கேட்டால் அண்மைய யுத்தத்தோடு தொடர்பான ஏதாவது இடத்துக்குக் கொண்டுபோகலாம். "பழைய இங்கிலீஷ் சவக்காலை" என்றாலோ நகருக்குள் இருக்கும் புனித ஸ்தேவான் சவக்காலையில் நிறுத்திவிடுவார். "நிலாவெளி ரோட்டில், உப்புவெளி தாண்டி, இரண்டாம் உலகப் போர்ச் சவக்காலை" என்று முழுதாகச் சொல்லுங்கள். ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்வதானால் காத்திருக்கும் கூலியையும் ஏறும்போதே பேசிவிடுங்கள். ஒரு கல்லுக்கென்று போய் ஒன்றரை மணித்தியாலம் நிற்பது சாதாரணமாக நடக்கும்.

உள்ளே: கல்லைக் கண்டுபிடிப்பது

இணையதளத்தில் கிடைத்த கல்லறைக் குறியீட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். வெயிலில் போன் திரை தெரியாது. குறியீடு மூன்று பகுதியாக இருக்கும்: ஓர் இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, இன்னோர் இலக்கம். முதல் இலக்கம் பிரிவு, எழுத்து வரிசை, கடைசி இலக்கம் அந்த வரிசையில் கல்லின் இடம். பிரிவைப் பிழையாக எடுத்தால் வரிசையும் இலக்கமும் சரியாக இருந்தும் வேறு ஆளின் முன் போய் நிற்பீர்கள். முதற்கல்லிலேயே பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வரிசையின் மறுமுனையிலிருந்து எண்ணிப் பாருங்கள், பாதிப் பிழை அங்கேயே தீரும். இணையதளத்தில் சவக்காலையின் பக்கத்தில் வரைபடம் இருந்தால் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விமானத்தில் இறந்தவர்களைச் சில வேளை கூட்டுக் கல்லறையாகப் புதைத்திருப்பார்கள். அப்போது குறியீட்டில் ஓர் இலக்கத்துக்குப் பதில் இன்னதிலிருந்து இன்னது வரை என்று இருக்கும்.

கல்லை மேலிருந்து கீழே படியுங்கள். உச்சியில் படைச்சின்னம்: கயிறு சுற்றிய நங்கூரம் என்றால் அரச கடற்படை. அதன் கீழே சேவை இலக்கம், பதவி, பெயர், கப்பல் அல்லது தளம், இறந்த திகதி, வயது. பிறகு சிலுவை, குடும்பம் வேண்டாமென்றாலோ வேற்று மதமென்றாலோ அது இருக்காது அல்லது மாறும். எல்லாவற்றுக்கும் அடியில், புல்லோடு ஒட்டி, சிறிய எழுத்தில் ஒரு வரி. தாயோ மனைவியோ எழுதி அனுப்பிய வரி அது. குறிப்பிட்ட எண்ணிக்கையான எழுத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று ஆணைக்குழு விதி வைத்திருந்தது. அவசரமாகப் படம் எடுப்பவர்கள் தவறவிடுவது இந்த வரியைத்தான். புல் மறைத்திருந்தால் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, குந்தியிருந்து எடுங்கள். கேட்டு அனுப்பியவர் முதலில் தேடப்போவதும் அதைத்தான்.

பெயரே இல்லாத கற்களும் போர்ச் சவக்காலைகளில் உண்டு. "இரண்டாம் உலகப் போரின் மாலுமி ஒருவர்" என்ற பொருளில் ஒரு வரியும், "கடவுளுக்குத் தெரிந்தவர்" என்ற பொருளில் ஒரு வரியும் மட்டும் இருக்கும்.

படம் எடுப்பதில் ஒளிதான் வேலை செய்யும். கல்லின் முகத்தில் வெயில் நேராக விழுந்தால் வெட்டிய எழுத்தில் நிழல் இல்லாமல் கல் வெறும் வெள்ளையாக வரும். ஒளி பக்கத்திலிருந்து உரசிக்கொண்டு போனால் ஒவ்வோர் எழுத்தும் எழும். நீங்கள் நிற்கும் நேரத்தில் வெயில் நேராக விழுகிறதென்றால் ஒருவர் குடையால் கல்லை நிழலாக்கட்டும், மற்றவர் ஒரு கைக்கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்பட்டும். சோக்கட்டி, மா, பவுடர் பூசி எழுத்தை எடுப்பிக்கிற பழக்கம் வேண்டாம். துணுக்குகள் எழுத்துக்குள் தங்கி ஈரத்தைப் பிடிக்கும், பிறகு பாசி கட்டும். கம்பித்தூரிகை, சவர்க்காரம் இரண்டும் அதைவிடக் கேடு.

ஒரு கல்லுக்கு மூன்று படம் போதும். முழுக்கல், எழுத்துக்கு நெருக்கம், பின்னால் வரிசையும் மரங்களும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. எல்லாக் கற்களையும் எடுக்க நினைத்தால் கணக்குப் போட்டு வாருங்கள்: கல்லுக்கு 20 விநாடி என்றாலும் 300 கல்லுக்கு 100 நிமிடம். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் வரிசைக் குறியைக் காகிதத்தில் எழுதி ஒரு படம் எடுத்தால்தான் பிறகு பிரித்தறியலாம்.

பூ, விளக்கு, சப்பாத்து

சப்பாத்தோடு நடக்கலாம், புல்லிலும் நடக்கலாம். கல்லின் மேல் சாய்வதும் பையை வைப்பதும் கூடாது. பூ வைக்கலாம். மல்லிகைச் சரமென்றால் நூலில் கட்டியதாக இருக்கட்டும். கம்பியில் கட்டிய மலர்வளையம் கடற்காற்றில் சில நாளிலேயே துருப்பிடித்து வெள்ளைக்கல்லில் மஞ்சட்கோடு விடும். செத்தவருக்கு விளக்கேற்றாமல் எப்படித் திரும்புவது என்று நம்மவர் சிலருக்கு மனம் உறுத்தும். கற்பூரமும் எண்ணெயும் சந்தனமும் அந்தக் கல்லில் ஊறினால் எடுக்க முடியாது. விளக்கு வேண்டுமென்றால் கல்லுக்கு விலகி, கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மெழுகுதிரி. திரும்பும்போது கையோடு எடுத்துவிடுங்கள். பராமரிப்பாளர் நின்றால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. நுழைவாயிலில் வருகைப் பதிவேடு இருந்தால் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர். கழிப்பறையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம், நகரிலோ உப்புவெளிச் சாப்பாட்டுக் கடைகளிலோ முடித்துவிட்டுப் போங்கள்.

அதே நாளில் வேறு என்ன பார்க்கலாம்

டொக்யார்ட் பக்கமாகப் போகும் வழியில் ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் வீட்டைப் புதுப்பித்து அமைத்த கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் சவக்காலைக்கு முன் இங்கே போனால் துறைமுகத்தின் அமைப்பு புரியும். நகருக்குள் உள்ள புனித ஸ்தேவான் சவக்காலை முந்திய நூற்றாண்டுக்குரியது. 1852இல் பர்மாவில் கொலராவில் இறந்த றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் திருக்கோணமலையில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகமும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் கடற்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. வாசலில் கேட்டால் விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி எடுங்கள். எல்லோருடைய பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், வாகன இலக்கம், நாள், நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாடசாலைக் குழுவென்றால் அதிபரின் கையொப்பத்தோடு பாடசாலைக் கடிதத்தாளில். பட்டியலில் இல்லாத ஒரு மச்சானைக் கடைசி நேரத்தில் ஏற்றி வந்தால் அவர் ஒருவருக்காக முழு வானும் வாசலில் நிற்கும். தளத்தையும் விமானத்தளத்தையும் சுற்றிப் படமெடுப்பதில் கவனம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மேல் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்தது. உருகி மடிந்த அந்த இரும்பைப் பார்க்க ஆசைப்படுவோர் அந்த வளாகமும் அனுமதிக்குரிய இடம் என்பதை நினைவில் வையுங்கள். அதே தாக்குதலில் எரிந்த சகாயிங் என்ற கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தது. 1943இல் அதை இறங்குதுறையாகப் பயன்படுத்தவென்று மூழ்கடித்தார்கள், 2018இல் இலங்கைக் கடற்படை மேலே எடுத்தது.

ஹெர்மிஸைத் தேடி வந்தவர்களுக்கு மிச்சமிருப்பது மட்டக்களப்பு. கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் உச்ச எல்லையே 40 மீற்றர். ஆழ்கடற் பயிற்சியும் வாயுக் கலவை அனுபவமும் இல்லாதவர்களை "ஒன்றும் ஆகாது" என்று கூட்டிப்போகிறவர் இருந்தால் அவரோடு இறங்காதீர்கள். கீழே கிடப்பது கல்லறை, ஒரு போத்தல்கூட எடுக்கக் கூடாது. சுழியோடாதவர்கள் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் படகில் போய், மேலே நின்று பூப் போட்டுவிட்டு வரலாம். கல்லடிக் கரையில் நின்று போட்டாலும் அதே கடல்தான்.